கிரப் ஸ்க்ரூவுக்கு நல்ல தமிழ்ச்சொல்? (ஆர்சி கார்க் கையேடு, பினியன் பகுதி)

குழுவினருக்கு வணக்கம்.

ரிமோட்டில் ஓடும் ஆர்சி காரின் கையேட்டில், மோட்டார்த் தண்டில் பினியன் (சிறிய பற்சக்கரம்) மாட்டும் பகுதிக்கு வந்துவிட்டோம். பினியனின் கழுத்தில் குறுக்கே இறங்கும் தலையில்லாத திருகுக்குத்தான் சொல் அமையவில்லை. கடையில் கிரப் ஸ்க்ரூ என்பார்கள், செட் ஸ்க்ரூ என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் 'கிரப்' என்றால் வண்டுப்புழு. ஜெர்மன்காரர்களும் புழுவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் வரைவில் 'புழுத்திருகு' என்று போட்டேன். சரிவருமா?

----

> புழுத்திருகு

வேண்டாம் ஐயா. திருகு வடிவப் பற்சக்கரமான வார்ம் கியரைப் 'புழுச்சக்கரம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே பற்சக்கர அத்தியாயத்தில் இன்னொரு புழு நெளிந்தால் படிப்பவர் குழம்புவார். செட் ஸ்க்ரூவை அப்படியே பெயர்த்தாலும் வம்பு: பிரிட்டனில் அந்தப் பெயர், தலை உள்ள, முழுநீளமும் மரை வெட்டிய திருகுக்கும் உண்டு. 'புதைதிருகு' என்றால் தலை பதியும் கவுண்டர்சங்க் நினைவுக்கு வரும். 'தலையிலித் திருகு' போதுமே?

----

ஸ்டட்டுக்கும் (இரு முனையிலும் மரை வெட்டிய கம்பி) தலை கிடையாதே நண்பரே. இல்லாததைச் சொல்வதைவிட அது செய்யும் வேலையைச் சொல்லலாம்.

ஆர்சி கார்களில் வரும் 540 அளவு மோட்டாரின் தண்டு 3.17 மி.மீ. பினியனின் துளை அதைவிட ஒரு மயிரிழை பெரிது. எம்3 (3 மி.மீ. மரை) திருகை முடுக்கும்போது அதன் முனை தண்டில் ஊன்றிப் பினியனை எதிர்ப்பக்கம் இழுத்து அணைக்கிறது. பிடிமானம் முழுக்க அந்த முனையில்தான். ஆகவே 'ஊன்றுதிருகு'. ஊன்றுகோல் என்ற சொல் நம்மிடம் இருப்பதால் விளக்கமே வேண்டாம். வழுக்கும் இடத்தில் கோலை ஊன்றினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்: உருண்ட பக்கத்தில் முடுக்கினால் சுமை ஏறியதும் நழுவும். கிண்ணம்போல் குழிந்த முனையின் விளிம்பு தண்டைக் கீறிப் பிசிறு எழுப்பும்; பிறகு பினியனைக் கழற்றவும் முடியாது.

தண்டில் சமமாகச் சீவிய இடத்தைப் 'பட்டை' என்று எழுதுங்கள். பட்டை தீட்டுகிறோம் அல்லவா, அதே பட்டை.

----

ஊன்றுதிருகு எனக்கு உடன்பாடு. திருகு தளராமல் மரையில் இடும் திரவத்துக்கு வரைவில் உள்ள 'மரைப்பசை'தான் உறுத்துகிறது. பசை என்று படித்தவர் அதைத் தண்டில் தடவி பினியனை ஒட்டப் பார்ப்பார். வழிந்தது பேரிங்குக்குள் இறங்கினால் மோட்டார் இறுகிப்போகும். அது பிடிக்க வேண்டியது மரையை மட்டும். 'மரைப்பூட்டு' என்றால் எங்கே போட வேண்டும் என்பதும் சொல்லிலேயே வந்துவிடும்.

அந்தப் பத்தியை இந்தச் சொற்களோடு எழுதிப் பார்த்தேன்:

"தண்டையும் ஊன்றுதிருகையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மரைப்பூட்டு சரியாக இறுகாது. மரையில் நீல லாக்டைட் 243 ஒரு சிறு துளி போதும். பினியனின் பற்கள், அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியரின் முழு அகலத்தோடும் சேரும் இடத்தில் நிறுத்தி, திருகைப் பட்டைக்கு நேரே கொண்டுவரவும். முனை தொட்டதும் இறுக்கிவிட வேண்டாம். பினியனை முன்னும் பின்னும் லேசாகத் திருப்பிப் பார்க்கவும்: இரு பக்கமும் ஆட்டம் சமமாக இருந்தால் முனை பட்டையின் நடுவில் நிற்கிறது. அதன்பிறகு 1.5 மி.மீ. அல்லன் கீயால் முடுக்கவும். ஓட்டுவதற்கு முன் 24 மணி நேரம் விடவும்."

அடிக்குறிப்பாக இரண்டு சேர்க்கலாம். அங்குல அளவுப் பினியன்கள் சிலவற்றுக்கு 1/16 அங்குலச் சாவி, அதாவது 1.59 மி.மீ. அதில் 1.5 சாவியைப் போட்டால் ஆட்டம் இருக்கும், அறுகோணக் குழி மழுங்கும். சாவியின் நுனி தேய்ந்திருந்தாலும் இதே கதிதான். இன்னொன்று, சிவப்பு லாக்டைட் 271 இந்த வேலைக்கு ஆகாது: கழற்ற 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அந்தச் சூடு தண்டு வழியே காந்தம்வரை போகும்.

----

பட்டையே இல்லாத தண்டுக்கும் ஒரு வரி வேண்டும். வெட்டுச்சக்கரத்தால் அரை மி.மீ. அளவுக்குச் சீவினால் போதும். அதற்கு முன் மோட்டாரின் துளைகளையெல்லாம் டேப்பால் மூடச் சொல்லுங்கள். இரும்புத்தூளைக் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

----

சேர்த்துவிட்டேன். பதிவாகும் சொற்கள்: ஊன்றுதிருகு, பட்டை, மரைப்பூட்டு. பினியன் பினியனாகவே இருக்கட்டும். கடையில் வேறு பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காது.