40 தாண்டினா எடைப் பயிற்சி: ஜிம்முல வாரம் ரெண்டு நாளா, வீட்டுல தினம் கால் மணிநேரமா?

கோதையாறு:
நம்ம குமரி மாவட்டத்துல குலசேகரம், மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் ஜிம்முக்குக் குறைவே இல்லை. ஜனவரியில நிறையும், பள்ளிக்கூடம் திறக்குற ஜூன்ல காலியாகும். பிள்ளை குட்டி உள்ள 40 வயசுக்காரங்க பாதியில நின்னு போறதுக்குச் சோம்பல் காரணமில்ல. 22 வயசுப் பையனுக்குப் போட்ட அட்டவணையை அப்படியே இவங்க கையிலயும் குடுத்துடுறாங்க. திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால்னு வாரம் ஆறு நாள். பிள்ளைக்குக் காய்ச்சல்னு புதனும் வியாழனும் போச்சுன்னா அந்த வாரம் காலுக்கு வேலையே கிடையாது.

என் கட்சி இதுதான்: வாரம் ரெண்டே நாள், ரெண்டு நாளும் முழு உடம்பு. உலக சுகாதார நிறுவனத்தோட 2020 வழிகாட்டியும் தசை வலுப் பயிற்சி வாரத்துக்குக் குறைஞ்சது 2 நாள்னுதான் சொல்லுது.

ஒரு தடவை தூக்கி இறக்குறது ஒரு ரெப், நிறுத்தாம பண்ணுற ரெப்பெல்லாம் சேர்ந்து ஒரு செட். முதல் நாள் ஸ்குவாட் (பாரைத் தோள்ல வச்சு உக்காந்து எழும்புறது) 3 செட் 5 ரெப், பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துப் பாரை மேல தள்ளுறது) 3 செட் 6, கேபிள் ரோ (உக்காந்து கேபிளை வயித்துப் பக்கம் இழுக்குறது) 3 செட் 10. ரெண்டாம் நாள் டெட்லிஃப்ட் (தரையில கிடக்குற பாரைத் தூக்கி நிமிருறது) 3 செட் 5, ஓவர்ஹெட் பிரஸ் (பாரைத் தலைக்கு மேல தள்ளுறது) 3 செட் 6, லாட் புல்டவுன் (மேல தொங்குற கம்பியைக் கீழ இழுக்குறது) 3 செட் 10. ஒரு நாளைக்கு மொத்தம் 9 செட். செட்டுக்கு 40 நொடி, நடுவுல ரெண்டரை நிமிஷம் ரெஸ்ட்னு வச்சா அரை மணிநேரத்துக்குள்ள முடிஞ்சிரும். அதுக்கு முன்னால 12 நிமிஷம் வார்ம் அப்: வெறும் 20 கிலோ பார் ரெண்டு செட், அப்புறம் அன்னைக்குத் தூக்கப் போற எடையில பாதி, அப்புறம் முக்கால்.

மூணு செட்டும் ஃபார்ம் (தூக்குற முறை) கெடாம முடிஞ்சா அடுத்த வாரம் ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்ட்டுக்கும் 2.5 கிலோ கூட்டுங்க, மேல் உடம்புக்கு 1 கிலோ. நிறைய பேர் மாட்டுறது இங்கதான். பல ஜிம்முல இருக்கிறதுலயே சின்ன பிளேட் 2.5 கிலோ. ரெண்டு பக்கமும் மாட்டினா 5 கிலோ ஏறிடும். 30 கிலோ ஓவர்ஹெட் பண்றவருக்கு அது ஒரே தாவலில் ஆறில் ஒரு பங்கு. ரெப் விழும், மூணு வாரம் அதே இடத்துல நிப்பார், 'வயசாயிடுச்சு'ன்னு விட்டுருவார். 1.25 கிலோவும் அரை கிலோவும் ஒவ்வொரு ஜோடி சொந்தமா வாங்கிப் பையில வச்சுக்கிடுங்க.

சிரட்டை:
அண்ணே, வார்ம் அப்போட சேத்து 42 நிமிஷம்னு கணக்குப் போட்டுட்டிய. மார்த்தாண்டம் ஜங்ஷன் சாயங்கால நெரிசலை எதுல சேத்திய? வண்டி எடுக்கணும், பார் வைக்கிற ரேக் காலியாகிறது வரைக்கும் நிக்கணும், திரும்பி வந்து குளிக்கணும். ரெண்டு மணிநேரம் ஓடிப்போவும். வாரம் ரெண்டு நாள்ல ஒரு நாள் தவறினா பாதிப் பயிற்சி போச்சு. தினம் கால் மணிநேரம், வாரம் அஞ்சு நாள்னா தவறுறது அஞ்சில் ஒண்ணுதான்.

வீட்டுக்கு வேண்டியது: பிளேட் மாத்துற டம்பெல் ஒரு ஜோடி (ஒண்ணு 20 கிலோ வரைக்கும் ஏறணும்), கதவு நிலையில மாட்டுற புல்லப் பார் (தொங்கி உடம்பை மேல இழுக்குறதுக்கு), உறுதியான ஒரு ஸ்டூல். பயிற்சியை ரெண்டு ரெண்டா ஜோடி சேருங்க. திங்களும் வியாழனும் பின்காலை ஸ்டூல் மேல வச்சு ஒத்தைக்கால் ஸ்குவாட், கூடவே டம்பெல் ரோ (குனிஞ்சு நின்னு டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுக்குறது). செவ்வாயும் வெள்ளியும் தண்டால், கூடவே புல்லப். புல்லப் வராதவங்க ஸ்டூல்ல ஏறிப் பாரைப் பிடிச்சு 5 நொடி எடுத்து மெதுவா இறங்குனா போதும். சனிக்கிழமை டம்பெல்லைத் தொடையை ஒட்டிப் பிடிச்சு, இடுப்பைப் பின்னால தள்ளிக் குனிஞ்சு நிமிருறது, தலைக்கு மேல தூக்குறது. ஒவ்வொண்ணும் 3 செட், 8 முதல் 12 ரெப். கடைசி ரெப் முடியும்போது இன்னும் ரெண்டு வரும்னு தோணணும். அஞ்சு வரும்னா எடை பத்தாது.

ஞாயிறு நம்ம ஊர்ல பாதிப் பேருக்குக் காலையில கோயில், மீதிப் பேருக்குக் கல்யாணம். அன்னைக்கு அட்டவணையே வேண்டாம்.

கோதையாறு:
20 கிலோ டம்பெல் காலுக்கு எத்தனை மாசம் தாங்கும் தம்பி? எட்டு ரெப் இருபதாகும், இருபது முப்பதாகும். அப்புறம் தொடை களைக்கிறதுக்கு முந்தி மூச்சு களைச்சிரும்.

சிரட்டை:
எடை தீந்தா வேகத்தைக் குறைக்கலாம். கீழ இறங்க 3 நொடி, கீழயே 1 நொடி நிப்பு. அப்பவும் லேசா இருந்தா பிள்ளைக்க ஸ்கூல் பையில 10 கிலோ அரிசி வச்சு முதுகுல மாட்டிக்கிடணும். லேசான எடையானாலும் தசை ஓயும் வரைக்கும் பக்கத்துல கொண்டுபோனா தசை வளர்ச்சி கிட்டத்தட்ட அதே அளவுதான்னு பல ஆய்வுல வந்தாச்சு. உச்ச பலம் கூடணும்னா கனமான எடை வேணும், அதை நான் மறுக்கல. ஆனா 45 வயசுல 140 கிலோ டெட்லிஃப்ட் யாருக்குக் காட்ட?

தக்கலைத் தண்டால்:
ரெண்டுமே வேண்டாம். தினம் 100 தண்டால், 100 பஸ்கி (உக்காந்து எழும்புறது), கொஞ்ச நேரம் கர்லாக்கட்டை சுழட்டுறது. செலவு பூஜ்யம். பழைய ஆசான்மார் இதைத்தான் பண்ணுனாங்க.

சிரட்டை:
கர்லா தோள்மூட்டு அசைவுக்கு நல்லது, ஒத்துக்கிடுதேன். ஆனா தண்டால் தள்ளுற வேலை, பஸ்கி முட்டி மடக்குற வேலை. இழுக்குற வேலை எங்க? இடுப்பிலிருந்து குனிஞ்சு தூக்குற வேலை எங்க? தள்ளுறதையே தினம் நூறு தடவை பண்ணி முதுகை விட்டுட்டா தோள் முன்னால நோவ ஆரம்பிக்கும். இன்னைக்கும் 100, அடுத்த வருசமும் 100ன்னா உடம்புக்கு மாற வேண்டிய அவசியமே இல்ல. முதல் மாசத்துக்கு அப்புறம் அது பொறுமைப் பயிற்சி.

குழித்துறைக்காரி:
ஆம்பிளையள் ரெண்டு பேரும் 42 நிமிஷமா, 15 நிமிஷமான்னு பேசுதிய. அந்த நேரத்துல பிள்ளையள் யாருக்க கையில இருக்குன்னு ஒருத்தரும் எழுதல. புருசன் ஆறு மணிக்கு ஜிம்முக்குப் போனா ஏழே முக்கால் ஸ்கூல் வேனுக்கு டிபன் கட்டுறது, தலை சீவுறது, ஹோம்வொர்க் நோட்டு தேடுறது எல்லாம் ஒரே ஆளுக்க தலையில. ரெண்டு மாசத்துல வீட்டுல சண்டை வரும், அதோட ஜிம்மு நிக்கும். அதுக்குப் பேரு மன உறுதி இல்லேன்னு சொல்லக்கூடாது.

நாளைப் பங்கு வைக்கணும். செவ்வாய், வெள்ளி அவருக்கு. திங்கள், வியாழன் அவளுக்கு. சுவர்க் காலண்டர்ல பேனாவால எழுதணும். ஒருத்தர் நாள்ல மத்தவர் போனை எடுத்து 'உப்பு எங்க இருக்கு'ன்னு கேக்கப்பிடாது. அவர் நாள் தவறினா அவள் நாளைக் கடன் கேக்கவும்பிடாது.

பொம்பிளையளுக்கு இது கூடுதல் அவசியம். மாதவிடாய் நிக்கிற காலத்தை ஒட்டி எலும்பு அடர்த்தி வேகமாக் குறையும். மூணு கிலோ பிங்க் டம்பெல்லை முப்பது தடவை ஆட்டினா எலும்புக்குப் பெருசா பலன் கிடைக்காது. கனமா, 6 முதல் 8 ரெப்புல களைக்கிற மாதிரி ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும் வேணும், ஃபார்ம் படிஞ்ச பிறவு. தூக்கும்போது சிறுநீர் கசிஞ்சா வெக்கப்பட்டு விட்டுரவும் வேண்டாம், பல்லைக் கடிச்சுத் தொடரவும் வேண்டாம். எடையைக் குறைச்சு, எழும்பும்போது மூச்சை வெளிய விட்டுப் பாக்கணும். பிறகும் நிக்கலன்னா இடுப்புத்தளப் பயிற்சி தெரிஞ்ச பிசியோவைப் பாக்கணும்.

கோதையாறு:
அக்கா சொன்னதுல மறுக்க ஒண்ணும் இல்ல. ஆனா அதுவே என் கட்சிக்குத்தான் சாட்சி. பங்கு வைக்கணும்னா நாள் நிலையா இருக்கணும். 'தினம் எப்பவாவது கால் மணிநேரம்'ங்கிறதை யாருகிட்ட எப்படிப் பங்கு வைப்பிய? அதோட வீட்டுல தவழுற பிள்ளை இருக்குன்னா தலைக்கு மேல டம்பெல் தூக்குறது ஆபத்து. பிளேட் மாத்துற டம்பெல்லுல நட்டு செட்டுக்கு செட்டு தளரும். உள்ள இருக்கிற ரப்பர் வாஷர் தேஞ்சா இன்னும் சீக்கிரம். மல்லாந்து படுத்துத் தூக்கும்போது கழண்டா பிளேட் நேரா மூஞ்சிக்கு வரும்.

சிரட்டை:
ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால நட்டை முறுக்கணும், வாஷர் போச்சுன்னா மாத்தணும். தவழுற பிள்ளை முழிச்சிருக்கிற நேரம் டம்பெல் கட்டிலுக்கு அடியில பெட்டிக்குள்ள, தண்டாலும் ஒத்தைக்கால் ஸ்குவாட்டும் மட்டும். தரை டைல்ஸ்னா 12 மி.மீ. ரப்பர் மேட் ரெண்டு அடுக்கு. ரப்பர் விளையிற ஊர்ல மேட்டுக்கா பஞ்சம்! குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காத்துல இரும்பு சீக்கிரம் துருப் பிடிக்கும். வேர்வையை உலர்ந்த துணியால துடைச்சு லேசா மெஷின் ஆயில் தடவணும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

செட்டுக்கு நடுவுல பிள்ளை கூப்பிட்டா போங்க. இருபது நிமிஷம் கழிச்சு வந்தாலும் அடுத்த செட் செட்டுதான். திரும்ப ஆரம்பிக்கும்போது மட்டும் பாதி எடையில 5 ரெப் பண்ணிச் சூடேத்திக்கிடணும்.

ஒற்றை விளை:
ரப்பர் பால்வெட்டுக்குப் போறவங்களுக்கு ரெண்டும் ஒத்துவராதே. விடியுறதுக்கு முந்தி மரத்துக்குப் போய், வெட்டி, பிறகு பால் எடுத்து, உறைய வச்சு, ஷீட் அடிச்சு முடிக்கும்போது மதியம். மத்தியானம் தூக்கினா மயக்கம் வருது.

கோதையாறு:
ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுற தோட்டம்னா வெட்டு இல்லாத நாள் காலைதான் பயிற்சிக்கு நேரம். வாரத்துக்கு மூணு நாள் தன்னால கிடைக்கும், ரெண்டை எடுங்க. கத்தி பிடிச்ச கைக்கு ஏற்கெனவே வேலை அதிகம். அதனால டெட்லிஃப்ட்டுக்குப் பிடிப்பட்டை (மணிக்கட்டையும் பாரையும் சுத்துற பட்டை) போடுங்க, புல்லப்பைக் குறைங்க. முழங்கை வெளிப்பக்கம் நோவு வர்றது பெரும்பாலும் பிடியை ஓயாம இறுக்குறதாலதான். மழைக்காலத்துல வெட்டு நிக்கிற வாரங்கள்ல எடை ஏத்துங்க.

பிசியோ பாறசாலை:
எது சரி என்பதில் நான் தலையிடவில்லை. ரெண்டு பேரும் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். தசை சில வாரங்களில் பழகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அதைவிட மெதுவாகத்தான் பழகும். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் 'நல்லா ஏறுதே' என்று வாரம் 5 கிலோ கூட்டுபவர்கள்தான் முழங்கை, தோள் நோவோடு வருகிறார்கள். நோவை 0 முதல் 10 வரை அளந்து பாருங்கள். 3க்குள் இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம். அதற்கு மேல் போனால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை.

இடைவெளி விழுந்தால்: ஒரு வாரம் என்றால் அதே எடை. இரண்டு வாரம் என்றால் 10 சதவீதம் குறைவு. ஒரு மாதம் என்றால் மூன்றில் இரண்டு பங்கில் தொடங்கி மூன்று வாரத்தில் திரும்ப வாருங்கள். விட்ட இடத்திலேயே தொடங்குபவர்கள் நாலு நாள் நடக்க முடியாமல் கிடந்து, அந்த வாரத்தையும் இழப்பார்கள். காய்ச்சல் விட்டு ஒரு நாளாவது ஆகட்டும், முதல் நாள் பாதிச் செட் போதும். டெங்கு என்றால் டாக்டர் சொல்லும்வரை எதையும் தூக்க வேண்டாம்.

ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது, தூக்கும்போது வெளியே விடுங்கள். நெஞ்சு இறுக்கமோ இடது கை நோவோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தக்கலைத் தண்டால்:
புரோட்டீன் பவுடர் விக்க யாரும் வரலையா இன்னும்?

குழித்துறைக்காரி:
பவுடர் இல்லாமலே ஒக்கும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020ல சொன்ன அளவு தினம் கிலோ உடம்பு எடைக்கு 0.83 கிராம் புரதம். 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். எடை தூக்குறவங்களுக்கு 1.2 வரைக்கும் போவலாம், 84 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேக்காம கூட்டப்பிடாது. நம்ம சாப்பாட்டுல குழி விழுறது மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்குல. வயிறு நிறையும், 100 கிராமுக்குப் புரதம் ரெண்டு கிராம்கூடத் தேறாது. கூட ஊத்துற மீன்கறியில சாறு மட்டும் போட்டுத் துண்டைப் பிள்ளைக்கு வைக்கிறது அம்மமாருக்க வழக்கம். முள்ளு போக 100 கிராம் சாளையில (மத்தி மீன்) 18 கிராமுக்கு மேல உண்டு, அது அம்மைக்கும் வேணும். புட்டுக்கு 50 கிராம் சிறுபயறு 12 கிராம். ரெண்டு முட்டை 12. நிலக்கடலை ஒரு கைப்பிடி 7 வரும். குமரியில கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறுற அந்த மாசங்கள்ல முட்டையும் பயறும் கூட்டணும்.

சிரட்டை:
பிள்ளையளுக்குப் பரீட்சை வர்ற மாசத்துக்கு என்ன பண்ணுவியன்னு கோதையாறு அண்ணன் சொல்லட்டும். ரெண்டு நாளும் போயிருமே.

கோதையாறு:
ஒரு நாளாக்குவேன். ஸ்குவாட், பெஞ்ச், ரோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரே செட், எடை மட்டும் குறைக்கப்பிடாது. 2011ல வெளிவந்த ஒரு ஆய்வுல 16 வாரம் பயிற்சி எடுத்தவங்களுக்கு அளவை ஒன்பதில் ஒரு பங்காக் குறைச்சாங்க: வாரம் ஒரு நாள், ஒவ்வொண்ணும் ஒரே செட். 20 முதல் 35 வயசுக்காரங்களுக்குத் தசையும் பலமும் நின்னுது. 60 தாண்டினவங்களுக்குப் பலம் நின்னுது, ஏறின தசை அளவு குறைஞ்சுது. 45 வயசுக்காரன் நடுவுல நிக்கிறான். அதனால பரீட்சை மாசம் ஒண்ணைத் தாண்டவிடாதிய.

சிரட்டை:
ஒரே செட், ஒரே நாள்னா அதுக்கு மார்த்தாண்டம் வரைக்கும் வண்டி ஓட்டணுமா அண்ணே? அந்த மாசம் என் டம்பெல்லை வாடகைக்குத் தாறேன்.

குழித்துறைக்காரி:
எடுத்துக்கிட்டுப் போங்க. செவ்வாய், வெள்ளி மட்டும்.