கன்வெர்ட்டர் தடவிய தகரத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா?

பேட்டை டிங்கர்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "பழைய மஹிந்திரா மேஜர் ஜீப்பில் துரு என்றால் பயம் வேண்டாம். கன்வெர்ட்டர் (துருவை மாற்றும் மருந்து) தடவுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், ரெட் ஆக்சைடு (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பிரைமர்) அடித்துப் பெயின்ட் பூசுங்கள். எட்டாயிரத்துக்குள் வேலை முடிந்தது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. துரு எடுக்கிற வேலையில் தண்ணீரையா ஊற்றுவது? சுரண்டின தகரத்தில் ஈரம் பட்டால் சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். காலமெல்லாம் தகரத்தோடு கிடப்பவன் சொல்கிறேன், தண்ணீர் கூடாது.

பாளை கெமிஸ்ட்ரி: எழுதியது நான்தான் அண்ணாச்சி. அது பாஸ்பாரிக் அமிலம். துருவைக் கரைக்கும், மிச்சத்தை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். அமிலம் தகரத்திலேயே தங்கினால் மேலே அடிக்கிற பிரைமர் பிடிக்காது, கொப்பளித்து வரும். அதனால்தான் கழுவச் சொன்னேன். கழுவிய கையோடு துடைத்து ஹீட் கன் காட்டினால் மஞ்சள் பூக்காது. இது பள்ளிக்கூடப் பாடம்.

பேட்டை டிங்கர்: பள்ளிக்கூடத்தில் ஜீப்புக்குப் பாடம் இருக்கிறதா தம்பி? நான் தடவுகிற மருந்து துருவில் பட்டதும் கறுத்துப்போய்த் தோல் மாதிரி காயும். அதைக் கழுவாதே என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறான். டப்பாவைப் படிக்காமல் பாடம் எடுக்க வந்துவிட்டீர்.

உவரிக்காரன்: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கறுத்துக் காய்வது டானிக் அமிலக் கன்வெர்ட்டர். வாத்தியார் சொல்வது துரு நீக்கி. இரண்டும் வேறு வேறு சரக்கு. எந்த டப்பா என்று முதலில் சொன்னால் சண்டையே இல்லை. அப்புறம், எங்கள் கடற்கரை வண்டிகளில் உப்பு ஏறியிருக்கும். முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவாமல் எதைத் தடவினாலும் நிற்காது.

பேட்டை டிங்கர்: நீரும் தண்ணீர்க் கட்சியா? சரி, வேலை எப்படி என்று ஒருதடவை சொல்கிறேன், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் தரை ரப்பர் மேட்டைத் தூக்கி எறியணும். மேஜரானாலும் கமாண்டரானாலும் அதற்கடியில்தான் ஈரம் நின்று தரை போகும். அடுத்தது கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பக்கம், பேட்டரித் தட்டு, சேசிஸில் பாடி உட்காருகிற இடங்கள். சுத்தியலால் தட்டிப் பார்க்கணும். கணீரென்று கேட்டால் தகரம் இருக்கிறது, பொத்தென்று கேட்டால் போய்விட்டது. போன இடத்தை வெட்டி எறிந்து 18 கேஜ் தகரம் வைத்து சி.ஓ.2 வெல்டிங். கேஸ் வெல்டிங் வைத்தால் சூட்டில் தகரம் நெளியும். ஓட்டையைப் பட்டியால் (பள்ளம் நிரப்பும் புட்டிப் பசை) மூடுகிறவனை நான் டிங்கர் என்றே சொல்ல மாட்டேன். மிச்ச துருவுக்கு கிரைண்டரில் கம்பி பிரஷ். அதன்மேல் ரெட் ஆக்சைடு இல்லை, டூ பேக் எபாக்ஸி பிரைமர் (இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிறது). ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமா, மேல் பெயின்ட்டில் பிடியுங்கள். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் வேண்டாம், சிந்தடிக் எனாமல் போதும். பிரைமரில் கஞ்சத்தனம் கூடாது. இத்தனை வேலையிலும் வெறும் தகரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

பாளை கெமிஸ்ட்ரி: எபாக்ஸி பற்றிச் சொன்னது சரி. ஆனால் மிச்ச அமிலத்தின் மேல் அடித்தால் அந்த எபாக்ஸியும் உரியும். கழுவத்தான் வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நின்ற வண்டிகளுக்கெல்லாம் சேசிஸுக்குள் சேறு. அதை எதை ஊற்றி எடுத்தீர்கள் அண்ணாச்சி? மண்ணெண்ணெயா?

பேட்டை டிங்கர்: சேறு வேறு, துரு வேறு. பேச்சை மாற்றக் கூடாது.

களக்காடு ஜீப்: அண்ணாச்சி, எனக்கு மிலிட்டரிப் பச்சைதான் வேணும். எனாமலில் அந்தக் கலர் கிடைக்குமா?

உவரிக்காரன்: கிடைத்தாலும் அடிக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121. ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும். வேறு எந்த நிறத்துக்கு மாற்றினாலும் ஆர்.சி.யிலும் மாற்றணும்.

களக்காடு ஜீப்: எங்கள் பக்கம் எத்தனை பச்சை ஜீப் ஓடுகிறது. அவர்களை எல்லாம் யார் பிடித்தார்கள்?

உவரிக்காரன்: பிடிக்கவில்லை என்பதற்காக விதி இல்லாமல் போகுமா? செக்போஸ்ட்டில் நிற்கும்போது தெரியும்.

களக்காடு ஜீப்: என் வண்டி, என் காசு. கலர் கேட்டால் சட்டம் சொல்கிறீர்.

பேட்டை டிங்கர்: கலரை அப்புறம் பாருங்கள். ஆடிக் காற்றில் வெளியே பெயின்ட் அடித்தால் புழுதி ஒட்டும், ஐப்பசி மழையில் காயாது. மாசி பங்குனியில் காலை வெயிலில் அடிக்கணும். தகரம் ஈரமாக இருந்தால் எந்தக் கலரும் நிற்காது. அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பாளை கெமிஸ்ட்ரி: ஈரமாக அடிக்க நான் சொல்லவே இல்லை. கழுவி, காயவைத்து, அப்புறம். உங்கள் பக்கத்து ஒர்க்ஷாப் ஒன்றில் என் மாமாவின் கமாண்டருக்கு யாரும் கழுவவில்லை. அடுத்த மழைக்கே மட்கார்டில் கொப்பளம்.

பேட்டை டிங்கர்: அவன் பட்டியை வெறும் தகரத்தில் இழுத்திருப்பான். பட்டி தண்ணீர் குடிக்கும். எவனோ செய்த வேலைக்கு என்னைப் பேசக் கூடாது, ஆமாம்.

பாளை கெமிஸ்ட்ரி: பட்டியை வாட்டர் பேப்பரில் தேய்க்கிறது யார்? அங்கே மட்டும் தண்ணீர் ஆகுமா?

பேட்டை டிங்கர்: நான் பட்டியை உலர்வாகத்தான் தேய்ப்பேன். பிரைமருக்கு மேல்தான் வாட்டர் பேப்பர். வேலை பார்க்காதவர்களிடம் விளக்கம் சொல்லியே என் மதியச் சாப்பாடு போச்சு.

உவரிக்காரன்: எந்த டப்பா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

பாளை கெமிஸ்ட்ரி: டப்பா எதுவானாலும் அமிலம் அமிலம்தான். கழுவ வேண்டும்.

பேட்டை டிங்கர்: கூடாது. ஒரு பழைய கதவைக் கொண்டு வாரும். பாதியை நீர் கழுவும், பாதியை நான் கழுவாமல் விடுகிறேன். வெளியே தூக்கி வைப்போம், ஐப்பசி முடியட்டும், பேட்டைக்கு வந்து எல்லார் முன்னாலும் பார்த்துக்கொள்ளும்.

பாளை கெமிஸ்ட்ரி: வருகிறேன். ஆனால் மருந்து நான் வாங்கி வருவதுதான்.

பேட்டை டிங்கர்: என் ஒர்க்ஷாப்பில் என் மருந்துதான்.