பார்ட் டைம் நர்சிங் பிஎச்டி: கைடுக்கு நேரமே இல்லை, என்ன செய்வது?

தண்டையார்பேட்டை டியூட்டர்:
காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் பராமரிப்புப் பயிற்சி கொடுத்துப் பலனைப் பார்ப்பதுதான் என் ஆய்வு. விடியற்காலையிலிருந்து ஈரத்தில் நிற்கிறார்கள். கால் மரத்துப்போனவர்களுக்கு முள் குத்தினால்கூடத் தெரிவதில்லை. இந்தத் தலைப்பை விட மனசில்லை. ஆனால் கைடு மேடத்துக்கு நிர்வாக வேலையே தலைக்கு மேல். சாப்டரை அனுப்பினால் "பார்க்கிறேன்மா" என்பதோடு சரி. கமிட்டி மீட்டிங் வேறு நெருங்குகிறது.

மணலி சிஸ்டர்:
கைடை மாற்றிவிடுங்கள். பின்னால் இன்னும் கஷ்டம்.

ஓய்வுபெற்ற பேராசிரியை, திருவொற்றியூர்:
அவசரப்படாதேம்மா. மாற்றினால் பல வேலை முதலிலிருந்து தொடங்கும். முழு சாப்டரை அனுப்பாமல் ஒரே பக்கம் எழுது: எதுவரை முடிந்தது, எங்கே சிக்கல், அவர் முடிவு சொல்ல வேண்டியது எது. கால் மணி நேரம் கேட்டு வாங்கி நேரில் போ.

உன் ஆய்விலேயே அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. பயிற்சி பெறுபவரும் பெறாதவரும் ஒரே மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். விரலிடுக்கைத் துடைத்து உலர வைக்கச் சொன்னதை மத்தியானத்துக்குள் அடுத்த கடை அக்காவிடம் சொல்லிவிடுவார்கள். சொல்லத்தானே செய்வார்கள், நல்ல விஷயமாயிற்றே! அப்புறம் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால் ஒரு மார்க்கெட் முழுக்கப் பயிற்சி, இன்னொன்றில் இல்லை என்று மார்க்கெட் மார்க்கெட்டாகப் பிரிக்கலாமா என்று கேள். பிரித்தால் சாம்பிள் சைஸ், அதாவது சேர்க்க வேண்டிய பெண்களின் எண்ணிக்கை, கூடும். அதைப் புள்ளியியல் நிபுணரிடம் இப்போதே கணக்குப் போட்டு வாங்கு. கைடு ஒருவரே எல்லாம் சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

இன்னொன்று. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்ததும் சிடிஆர்ஐயில், அதாவது மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டில், பதிவு செய்துவிடு, கட்டணம் கிடையாது. முதல் பெண்ணைச் சேர்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் ஆய்வு தொடங்கிய பிறகு பதிவு செய்ய வழியில்லை. மாணவிகள் தடுக்கி விழும் இடம் இது, எனக்கு மனசு பதறும்.

தண்டையார்பேட்டை டியூட்டர்:
மேடம், அடுத்த கடை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கே எழுதிவிடுகிறேன். மெல்லிய நைலான் இழையால் கால் உணர்ச்சியைப் பார்க்கும் மோனோஃபிலமெண்ட் சோதனையை யாரிடம் பழகுவது?

சர்க்கரை நோய் வார்டு நர்ஸ், ராயபுரம்:
உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனை சர்க்கரை நோய்ப் பிரிவில் அனுமதி வாங்கிக்கொண்டு கூட நின்று பழகுங்கள். 10 கிராம் இழைதான் வேண்டும். அவர்கள் கண்ணை மூடியிருக்க, இழை வளையும் வரை அழுத்தி எடுங்கள். காய்ப்புப் பிடித்த தோல்மேல் மட்டும் வைக்காதீர்கள். நாள் முழுக்க நிற்கிற கால்களில் காய்ப்பு நிறைய இருக்கும். அதன் ஓரமாக வையுங்கள்.