ஃப்ரீசர் மைனஸ் 18-க்கு இறங்கவில்லை: கேஸ் போய்விட்டது என்கிறார் மெக்கானிக், நம்பலாமா?

டெல்டா மருந்தாளுநர்:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. தடுப்பூசிக் குளிர்பெட்டிகளும் என் பொறுப்பு. ஐ.எல்.ஆர். (சுவருக்குள் பனிக்கட்டி அடுக்குள்ள குளிர்பெட்டி) 2 முதல் 8 டிகிரிக்குள், டீப் ஃப்ரீசர் மைனஸ் 15 முதல் மைனஸ் 25-க்குள் நிற்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். தீபாவளி, பொங்கல் எதற்கும் விலக்கில்லை. போதாக்குறைக்கு, பெட்டிக்குள் இருக்கும் சென்சார் அளவு மாறினால் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். போன வாரம் நள்ளிரவில் '11 டிகிரி' என்று வந்தது. அடித்துப் பிடித்து ஓடிப் பார்த்தால் பெட்டி 4 டிகிரியில் சாதுவாக நிற்கிறது. சென்சார் வயர் கதவிடுக்கில் நசுங்கிக் கிடக்கிறது. மறுநாள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள், என்னிடம்தான். வயரிடம் யார் கேட்பது?

அது போகட்டும். இப்போது வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் செய்கிறது. இரண்டு கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் வகை), ஏழு வயது. பால் மறுநாளே திரிகிறது. இட்லி மாவு ஒரே இரவில் பொங்கி மூடியைத் தள்ளுகிறது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஃப்ரீசரில் மீன் பொட்டலங்களுக்கு நடுவே செருகினேன். காலையில் மைனஸ் 9, மாலையில் மைனஸ் 5. உட்புறப் பின்பலகையில் பனி அப்பிக் கிடக்கிறது. கீழ் அறையில் காற்று வரும் துளையில் கை வைத்தால் ஒன்றுமே வரவில்லை.

வந்த மெக்கானிக் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. கம்ப்ரசர் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் போய்விட்டது, 3,500 ஆகும்" என்றார். கொடுக்கலாமா?

பட்டறைக்காரன்:
கொடுக்காதீர்கள் அம்மா. கேஸ் என்பது அடுப்பு சிலிண்டர்போல் எரிந்து தீர்கிற சரக்கு அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றிக் குளிரூட்டிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் அடித்தால் அதுவும் போய்விடும். கேஸ் குறைந்த பெட்டியில் காயிலின், அதாவது குளிரூட்டும் குழாய்ச் சுருளின், ஒரு ஓரத்தில் மட்டும்தான் பனி பிடிக்கும். உங்களுக்குப் பலகைக்கு வெளியே வரும் அளவுக்குப் பிடித்திருக்கிறது.

எனக்குத் தோன்றுவது டிஃப்ராஸ்ட், அதாவது பனியை உருக்கும் ஏற்பாட்டில், கோளாறு. பின்பலகைக்குப் பின்னால் காயில், அதற்கடியில் ஹீட்டர். சில மணி நேரத்துக்கு ஒருமுறை டைமர் கம்ப்ரசரை நிறுத்தி ஹீட்டரைப் போடும். பனி உருகித் தண்ணீர் பின்னால் உள்ள தட்டுக்கு வடியும். ஹீட்டர், பைமெட்டல் (குளிரைப் பொறுத்து ஹீட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), டைமர் இவற்றில் ஒன்று படுத்தாலும் காயில் பனிக்கட்டியாகிவிடும். அப்புறம் விசிறி சுற்றினாலும் குளிர்காற்று கீழே இறங்க வழி ஏது? அதனால்தான் உங்கள் பால் திரிகிறது.

ஒரு சோதனை. சாமான்களை எடுத்துவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு நாள் முழுக்கக் கதவுகளைத் திறந்து வையுங்கள். பனியைக் கத்தியால் குத்த வேண்டாம், குழாய் ஓட்டையானால் அப்போது உண்மையிலேயே கேஸ் போகும். மறுபடி ஓடவிட்டதும் நன்றாகக் குளிர்ந்து, சில நாளில் மறுபடி பனி அப்பிக் குளிர் குறைந்தால் டிஃப்ராஸ்ட் கோளாறுதான். இரண்டு நாள் ஓடியும் குளிரவே இல்லை என்றால் மெக்கானிக் சொன்னதை யோசிக்கலாம்.

மாடிவீட்டு மாமி:
ரெகுலேட்டர் எத்தனையில் இருக்கிறது? என் மருமகன் 2 என்றால் 2 டிகிரி என்று நினைத்துக் குறைத்து வைத்துவிட்டார். அது டிகிரி இல்லை, எண் கூடினால் குளிர் கூடும். கதவு ரப்பரையும் பாருங்கள். பத்து ரூபாய்த் தாளை இடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும்.

வெட்டிப்பேச்சு:
இவ்வளவு எதற்கு? ஆபீஸ் டீப் ஃப்ரீசர் மைனஸ் 20-இல் சும்மாதானே ஓடுகிறது, மீனை அங்கே வைத்துவிடுங்கள்.

டெல்டா மருந்தாளுநர்:
வெட்டிப்பேச்சு அவர்களே, அதில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தாலே தப்பு. தடுப்பூசிக்கான ஐஸ் பொதிகளுக்குப் பக்கத்தில் வஞ்சிரம் இருந்தால் இந்த முறை விளக்கக் கடிதத்தோடு விடமாட்டார்கள்.

மாமி, ரெகுலேட்டர் 5-இல் இருக்கிறது. ரப்பர் தாளை விடவே மாட்டேன் என்கிறது.

பட்டறைக்காரரே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். மீனைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுக் கதவுகளைத் திறந்துபோட்டேன். தரையில் விரித்த இரண்டு பழைய வேட்டியும் நனைந்து பிழியும்படி ஆயின. மறுபடி ஓடவிட்ட அடுத்த நாள் மைனஸ் 19. பால் நன்றாக இருந்தது. ஒரு வாரம் போனதும் மைனஸ் 12, பலகை ஓரத்தில் மறுபடி வெள்ளை. மெக்கானிக்கிடம் என்ன சொல்லட்டும்?

பட்டறைக்காரன்:
அப்படியென்றால் கேஸ் பேச்சே வேண்டாம். பலகையைக் கழற்றி ஹீட்டரையும் பைமெட்டலையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பைமெட்டல் நல்ல குளிரில்தான் இணைப்புக் கொடுக்கும், வெளியே எடுத்து வைத்து அளந்தால் நல்லதையும் கெட்டது என்பார்கள். எதை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டெல்டா மருந்தாளுநர்:
வேறு ஆளை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். புதன் வருகிறேன் என்றார். அன்று தடுப்பூசி நாள், என்னால் நகர முடியாது.