காசு பத்தின சீன எழுத்துல சோழி சரி, 'விதி'யில எதுக்கு சோழி?

மழைக்குருவி:
சீன எழுத்து படிக்க ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. 'பெய்'னு ஒரு ரேடிக்கல் (எழுத்துக்குள்ள வர்ற உறுப்பு), சோழினு அர்த்தம். செல்வம், விலை ஜாஸ்தி, ஏழை, பேராசைனு எதை எடுத்தாலும் அதுல ஒட்டிக்கிட்டு நிக்குது, சரி ஒரு காலத்துல சோழிதான் காசுனு விட்டுட்டேன். ஆனா விதி, அதாவது ரூல்ங்கிற 'ட்ஸ'லயும் உறுப்பினர்ங்கிற 'யுவான்'லயும் ஏன் அதே பெய்? இன்னொண்ணு, ஏழையும் பேராசையும் எனக்கு ஒரே மாதிரி தெரியுது, நேத்து டெஸ்ட்ல "அவன் ரொம்ப பேராசை, சோத்துக்கே வழியில்ல"னு எழுதிட்டு வந்திருக்கேன் 😭

எலும்பெழுத்து:
ட்ஸ, யுவான் ரெண்டுலயும் இருக்கறது சோழியே இல்லங்க. 'திங்'னு மூணு கால் வெண்கலப் பாத்திரம், அதோட படம்தான் எழுதி எழுதித் தேஞ்சு சோழி மாதிரி ஆயிடுச்சு. ட்ஸ வந்து பாத்திரமும் பக்கத்துல கத்தியும், பாத்திரத்து மேல விதியைச் செதுக்குறதுனு விளக்கம் சொல்றாங்க. யுவான்ல பாத்திரத்து வாய்க்கு மேல ஒரு வட்டம், முதல் அர்த்தமே வட்டம்தான், அப்புறம் அது வேற வேலைக்குப் போனதால அதைச் சுத்தி ஒரு கட்டம் போட்டு வட்டத்துக்குத் தனி எழுத்து பண்ணிட்டாங்க. இதுல தமாஷு, கி.பி. 100 வாக்குல சூ ஷென் எழுதின ஷுவோவென் அகராதியில ட்ஸவோட பழைய வடிவத்துல திங் இருக்குனு அவரே குறிச்சு வச்சிருக்கார், ஆனா விளக்கம் மட்டும் சோழியை வச்சே குடுத்திருக்கார்!

பழையதாள்:
சோழிதான் காசுனு அவ்ளோ அடிச்சுச் சொல்லாதீங்க. மூவாயிரம் வருஷத்துக்கு முன்ன சீனாவை ஆண்ட ஷாங் வம்சத்து காலத்துல அது காசா இல்ல மதிப்பான பரிசுப் பொருளானு இன்னும் சண்டை ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஷாங் தலைநகரா இருந்த ஆன்யாங்ல 1976ல தோண்டின ராணி ஃபூ ஹாவோ கல்லறையில 6,000க்கு மேல சோழி, கடல் எங்கயோ இருக்கு ஊர் எங்கயோ இருக்கு, அவ்ளோ தூரம் வர்றதாலயே அதுக்கு மவுசு. ராஜா இத்தனை 'பங்' சோழி குடுத்தார், அதனால இந்தப் பாத்திரம் செஞ்சேன்னு வெண்கலத்துல பொறிச்சே வச்சிருக்காங்க. பங்னா கோத்த சோழிச் சரம். இன்னிக்கு நண்பன்னு எழுதுறோமே, ரெண்டு நிலா பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி, அது நிலா இல்ல, ரெண்டு சரம் சோழி.

சோம்பல்பூனை:
டெஸ்ட் மேட்டருக்கு என் குறுக்கு வழி: ஏழையில சோழிக்கு மேல இருக்கறது 'பிரி', இருக்கறதைப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்தா என்ன மிஞ்சும். பேராசையில மேல 'இப்போ', காசு இப்பவே வேணுமாம். ரெண்டாவதுல 'இப்போ' வெறும் உச்சரிப்பைக் காட்டத்தான், ஆனா மறக்காது. அப்புறம் வாங்குறது, விக்கிறதுங்கிற எழுத்துகள்ல பெய்யைத் தேடாதீங்க, பழைய வடிவத்துல வாங்குன்னா வலைக்குக் கீழ சோழி, சீனாவுல எழுத்துகளை எளிமையாக்கினப்போ ரெண்டுலயும் சோழியைத் தூக்கிட்டாங்க.

மழைக்குருவி:
கடையில நடக்குற ரெண்டு வேலைக்கும் சோழி இல்ல, உறுப்பினருக்கு மட்டும் போலிச் சோழி, நல்லா இருக்குங்க நியாயம் 😂 'பிரி'யை நோட்ல எழுதிட்டேன்.