மிகக் குறைந்த விலைப்புள்ளியை எதிர்த்து முறையிட முடியுமா?

கேள்வி:
ஓர் அரசு வளாகத்தைத் துப்புரவு செய்யும் மூன்றாண்டுப் பணிக்கான டெண்டரில் எங்கள் நிறுவனம் இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது. முதலிடம் பெற்றவர் கேட்டிருக்கும் தொகையை, ஆவணம் கோரும் ஆட்களின் எண்ணிக்கையாலும் வேலை நேரத்தாலும் வகுத்துப் பார்த்தால் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்கே போதவில்லை. துப்புரவுப் பொருள்களையும் காப்பீட்டையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதை மட்டும் காரணம் காட்டி முறையிடலாமா?

பதில் 1:
விலை குறைவு என்பது மட்டுமே காரணமாகிவிடாது. அமெரிக்காவில் இத்தகைய முறையீடுகளை விசாரிக்கும் ஜி.ஏ.ஓ. என்னும் அரசுத் தணிக்கை அலுவலகம், மாறாத விலை ஒப்பந்தத்தில் ஒருவர் அடக்கவிலைக்கும் கீழே கேட்பது தன்னளவில் தவறன்று என்றே தொடர்ந்து கூறிவருகிறது. அந்த விலைக்கு வேலை நடக்குமா என்று ஆராயப்போவதாக டெண்டர் ஆவணம் சொல்லியிருந்து, அதிகாரிகள் ஆராயாமல் விட்டிருந்தால் உங்கள் வாதம் நிற்கும். மதிப்பீட்டு விதிகள் உள்ள பகுதியை முதலில் படியுங்கள்.

பதில் 2:
ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. அங்கே 2014ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் நெறியாணை, 69ஆம் பிரிவில், விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாகத் தோன்றினால் விளக்கம் கேட்டே ஆக வேண்டும் என்கிறது. தொழிலாளர் சட்டத்தை மீறியதால்தான் விலை குறைந்தது என்று உறுதியானால் நிராகரித்தே ஆக வேண்டும். உங்கள் ஊதியக் கணக்கு அதற்கு நேராகப் பொருந்தும். அதற்காக, ஒரு சூத்திரத்தைப் போட்டுத் தானாகத் தள்ளிவிடவும் முடியாது: விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று 1989இலேயே ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஃப்ராடெல்லி கோஸ்டான்ஸோ வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் 2011இல் வெளியிட்ட மாதிரிச் சட்டமும் எழுத்துமூலம் விளக்கம் கேட்ட பிறகே நிராகரிக்க இடந்தருகிறது.

பதில் 3:
மதிப்பீட்டுக் குழுவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஒருமுறை விளக்கம் கேட்டதற்கு, ‘நீண்ட அனுபவம் உள்ளதால் எங்களால் இயலும்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. நாங்களும் (வெட்கத்துடன்தான் சொல்கிறேன்) கோப்பை முடித்துவிட்டோம். ஆறாவது மாதத்தில், சன்னல் கண்ணாடி துடைப்பது ஒப்பந்தத்தில் இல்லை என்று கூடுதல் தொகை கேட்டார்கள். இன்னொருவரோ தளவாரியாக வேலை நேரத்தையும் தம்மிடம் ஏற்கெனவே உள்ள இயந்திரங்களையும் பட்டியலிட்டு அனுப்பினார். அந்தக் குறைந்த விலை உண்மையானது. எனவே, விளக்கம் கேட்கப்பட்டதா, வந்த விளக்கம் எப்படி ஆராயப்பட்டது என்பதற்கான குழுவின் பதிவைக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. விலையைப் பற்றியே நான்கு பக்கம் எழுதிவைத்திருந்தேன். அதை ஒதுக்கிவிட்டு, குழுவின் பதிவைக் கேட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.

பதில் 1:
அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். ஜி.ஏ.ஓ. விதியில் பொதுவாகக் காரணம் தெரிந்த நாளிலிருந்து 10 நாள்கள்தாம். உங்களுக்குரிய கெடுவை இன்றே பாருங்கள்.