மாத்திரை போட்ட கையோடு சோயா: என் டிஎஸ்எச் ஏறியது இப்படித்தான்

தைராய்டு குறைவுக்கு ஒன்பது வருடமாக லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் எடுக்கிறேன். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும்) எப்போதும் 2, 3 என்றுதான் இருக்கும். போன முறை 9.4. அதற்கு முன்பே சோர்வு, மலச்சிக்கல், சீப்பு நிறைய முடி. வேலை அதிகம், அதனால்தான் என்று இருந்துவிட்டேன்.

டோஸை ஏற்றுவார் என்று நினைத்துப் போனேன். டாக்டர் கேட்டதோ, "மாத்திரை போட்டபிறகு முதலில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" உடற்பயிற்சிக்காக மூன்று மாதமாக சோயா புரதப் பொடி, மாத்திரை விழுங்கிய பத்தாவது நிமிடம் பெரிய டம்ளரில். மருந்து குடலில் உறிஞ்சப்படுவதை சோயா குறைக்கும் என்றார். ஒரு நாள் தவறாமல் விழுங்கியும் ஒரு பங்கு ரத்தத்தில் சேரவே இல்லை! சோயாவை நிறுத்தச் சொல்லவில்லை, நான்கு மணி நேர இடைவெளிதான் கேட்டார். பொடியை மாலைக்கு மாற்றினேன். அதே 75தான். எட்டு வாரம் கழித்து 2.9.

சோயா தைராய்டையே கெடுத்துவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள். அதிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற தாவரப் பொருள்கள் தைராய்டு ஹார்மோன் தயாரிக்கும் நொதியைத் தடுப்பது சோதனைக்குழாயில் தெரிந்தது உண்மைதான். ஆனால் 2006ல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தைராய்டு நன்றாக இருந்தவர்களிடம் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. என் விஷயத்தில் சிக்கல் சுரப்பியில் இல்லை, நேரத்தில்.

மறுமொழி 1

என் மகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைவு. பசும்பால் ஒவ்வாததால் சோயா ஃபார்முலா கொடுத்தோம், டோஸை இரண்டு முறை ஏற்ற வேண்டி வந்தது. அப்புறம் ஃபார்முலாவை நிறுத்தினோம். மருந்து முழுதாக ஏறி, குழந்தை தூங்காமல் படபடவென்று இருந்தாள். ரத்தம் பார்த்து டோஸைக் குறைத்தார்கள். சோயாவைத் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மறுமொழி 2

எனக்கு டிஎஸ்எச் 6, மாத்திரை இன்னும் இல்லை. என்னைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 60 பேரை வைத்து 2011ல் வந்த ஆய்வில், தினம் 16 மில்லிகிராம் சோயா ஐசோஃபிளேவோன் எடுத்தபோது 6 பேருக்கு நோய் முழுதாக வந்துவிட்டது. சின்ன ஆய்வுதான். இருந்தாலும் மாதவிடாய் நிற்கும் காலத்துக்கென்று வாங்கிய ஐசோஃபிளேவோன் மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னார். அயோடின் உப்புதானே என்றும் கேட்டார், அயோடின் குறைந்தால் சோயாவின் பாதிப்பு கூடுமாம். டோஃபு எப்போதாவது சாப்பிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறேன்.